பன்றித் தடம் பழகிய நாய் மாட்டுத் தடத்தில் தடுமாறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பகலில் அவிழ்த்துவிட்ட மாடு இருட்டியும் பட்டிக்கு வரவில்லை. கன்று போடச் சோலைக்குள் ஒதுங்கியிருக்கலாம். சதுப்பில் இறங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம். புலியோ சிறுத்தையோ அடித்திருக்கலாம். எதுவானாலும் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் இதற்கென்று புதிதாக ஒரு நாயை வாங்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு விளையும் காடுகளுக்குக் காவல் கிடந்து, பன்றியை மோப்பம் பிடித்துப் பழகிய கோம்பையும் கலப்பு நாட்டு நாயும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றை மாட்டுத் தடத்துக்குத் திருப்பலாம்.

பழகிய மூக்கைப் புது விலங்குக்குத் திருப்புவது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. இங்கிலாந்தில் செந்நரியை விரட்டப் பழக்கிய ஃபாக்ஸ்ஹவுண்டு இனத்தைக் கொண்டுவந்து, ஊட்டியின் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நம் ஊர் நரியின் பின்னால் ஓடவிட்டார்கள் பிரிட்டிஷார். அந்த வேட்டைக்கு இன்று இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கைக் கொல்வதோடு, பிடிப்பதையும் விரட்டுவதையும், அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே கணக்கில் வைக்கிறது. நாய் கடமானை விரட்டினால் பொறுப்பு கயிற்றைப் பிடித்தவருக்குத்தான். அதனால் இங்கே சொல்வதெல்லாம் கயிற்றில் கட்டிய நாய்க்கு மட்டும். காப்புக்காட்டுக்குள் தடம் போனால், முதலில் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழகிய நாய்க்குத் தடம் பிடிக்கக் கற்றுத்தரத் தேவையில்லை. எந்தத் தடம் என்பதை மட்டும் சொன்னால் போதும். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை நாம் அதைத் தவறாகச் சொன்னதால் வருபவை. நாயைத் திருத்துவதற்கு முன் நீங்கள் போட்ட தடத்தைத் திருத்துங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

முதுகிலும் மார்பிலும் உட்காரும் பாடி பெல்ட் ஒன்று, புதிதாக. பன்றிக் காவலுக்குப் போட்ட பழைய பட்டையை இந்த வேலைக்குப் போடாதீர்கள். அதைப் போட்டாலே நாய்க்குப் பன்றி நினைவுதான் வரும். 10 மீட்டர் நீளக்கயிறு, சுண்டுவிரல் பருமன், முடிச்சில்லாமல். முடிச்சு இருந்தால் உண்ணிச்செடியிலும் தேயிலைத் தூரிலும் மாட்டும். மூடி போட்ட கண்ணாடி பாட்டில், கொதித்த நீரில் அலசிக் காயவைத்தது. வேகவைத்த கோழி ஈரல், விரல்நுனி அளவில் 20 துண்டு. தண்ணீர் 2 லிட்டர். கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர். தேயிலைக் காட்டின் ஓரத்திலும் வேலியடியிலும் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருந்தால் முதலில் மாட்டுவது நாயின் கழுத்துதான்.

வாசனைத் துணி: சுத்தமான பருத்தித் துணியால் மாட்டின் கொம்படி, பிடரி, விலா என மூன்று இடங்களில் அழுத்தித் துடைத்து பாட்டிலில் போடுங்கள். துடைப்பவர் கையுறை போட வேண்டும். மாடு காணாமல் போன பிறகு துடைக்க மாடு இருக்காது. அப்போது அந்த மாட்டுக்கு மட்டுமே கட்டிய கழுத்துக்கயிறு கைகொடுக்கும். மூன்று மாட்டுக்கு மாற்றி மாற்றிக் கட்டிய கயிற்றால் பயனில்லை. மாடு வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி எடுத்து, பெயர் ஒட்டி, மாதம் ஒரு முறை புதுப்பித்து வைப்பது நல்லது.

கட்டளைச் சொல்லும் புதிதாக இருக்கட்டும். பன்றிக்கு "பிடி" என்று சொல்லியிருந்தால் இதற்கு "எங்கே" என்று சொல்லுங்கள். புதுப் பட்டை, துணியை மோந்து பார்ப்பது, "எங்கே". வரிசை எப்போதும் இதுதான்.

அறிகுறி: பயிற்சியில் அருமை, நிஜத் தேடலில் ஒன்றுமே இல்லை

அதிகம் வரும் கோளாறு இது. வீட்டுக்காரர் மாட்டைக் கயிற்றில் பிடித்து 200 மீட்டர் நடத்திக் கொண்டுபோய்க் கட்டுகிறார். நாய் ஒரு வளைவுகூடத் தவறாமல் போய்ச் சேர்கிறது. உண்மையில் அது தொடர்ந்தது வீட்டுக்காரரின் செருப்புத் தடத்தை. மாடு தானாகப் போன அன்று செருப்புத் தடம் இல்லை, நாய் விழிக்கிறது.

சந்தேகம் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். ஓரிடத்தில் மாட்டை இடப்பக்கமும் அதை நடத்தி வந்தவரை வலப்பக்கமும் பிரித்து அனுப்புங்கள். இடையில் 40 மீட்டராவது இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு இன்னொருவர் வேண்டும். அவர் முன்கூட்டியே சுற்றுவழியில் போய், புண்ணாக்கு வாளியோடு இடப்பக்கம் நிற்கட்டும். வாளிச் சத்தம் கேட்டு மாடு தானாகப் போகும். அரை மணி நேரம் கழித்து நாயை விடுங்கள். பிரியும் இடத்தில் அது வலப்பக்கம் திரும்பினால் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது.

சரிசெய்ய மூன்று வழி. சிறந்தது, மாட்டைத் தானாக நடக்கவிடுவது. வேலி அடைத்த புல்வெளியில் காலை 7 மணிக்கு அவிழ்த்துவிட்டு, அது போகும் வழியை மேட்டிலிருந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, 20 மீட்டர் கயிற்றின் நடுவில் அந்த மாடு படுத்த சாக்கைக் கட்டி, ஆளுக்கொரு முனையாக இருவர் பிடித்து இழுத்துப் போவது. சாக்கின் தடம் இரண்டு ஆள்தடத்துக்கும் நடுவில் 10 மீட்டர் தள்ளி விழும். மூன்றாவது, ஆள்தடம் வேண்டாத தடம் என்று நாய்க்குப் புரியவைப்பது. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் மாட்டை நடத்தட்டும், முடிவில் ஆள் அங்கே நிற்கக் கூடாது, ஈரல் மாட்டின் அருகில் மட்டுமே கிடைக்க வேண்டும்.

இதற்கு ஒரு தங்கை உண்டு: மிதிபட்ட புல்லின் மணத்தைப் பிடித்துப் போகும் நாய். 15 நிமிடத் தடத்தில் சிறப்பாகவும் 3 மணி நேரத் தடத்தில் மோசமாகவும் இருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். தடத்தின் குறுக்கே வேறு ஆளையும் வேறு மாட்டையும் நடக்கவிட்டு, தடத்தை நன்றாக ஆறவிட்டுப் பழக்கினால் போய்விடும்.

அறிகுறி: பாதி வழியில் பன்றித் தடத்துக்கு மாறுகிறது

6 மணி நேரம் ஆறிய மாட்டுத் தடத்தில் போகும் நாயின் மூக்குக்குக் கீழே, 10 நிமிடத்துக்கு முன் பன்றி கடந்த சூடான தடம் குறுக்கே வருகிறது. மூன்று வருடப் பழக்கம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் குற்றமாக நினைத்து அடிப்பதோ, கயிற்றைச் சுண்டுவதோ, ஷாக் காலர் போடுவதோ கூடாது. அடிபட்ட நாய் அடுத்த முறை பன்றித் தடத்தை மட்டும் விடாது, தடம் பிடிப்பதையே விட்டுவிடும்.

மாறும் நொடி கையில் தெரியும். மாட்டுத் தடத்தில் போகும்போது கயிறு சீராக, வாளி நீரைச் சுமப்பதுபோல ஒரே கனத்தில் இழுக்கும். மூச்சு குறுகிக் குறுகி வரும், வால் தளர்ந்து ஆடும். பன்றி மணம் பட்டதும் நாய் ஒரு கணம் உறைந்து நிற்கும், மூக்கு பக்கவாட்டில் வெட்டும், மூச்சு சத்தமாகும், வால் விறைக்கும். அடுத்த அடியில் கயிறு கம்பிபோல இறுகும். அந்த ஒரு கணத்தைப் பிடிக்க வேண்டும்.

கயிறு இறுகியதும் நீங்கள் நட்ட கல்லாக நில்லுங்கள். பேசாதீர்கள், இழுக்காதீர்கள். நாய் இழுத்துப் பார்க்கும், முனகும், திரும்பிப் பார்க்கும். கயிறு தளர்ந்ததும் மெதுவாகப் பின்னால் வந்து, மாட்டுத் தடம் உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்தில் துணியை மறுபடி மோக்கவிட்டு "எங்கே" என்று சொல்லுங்கள். சரியான தடத்தில் 10 அடி போனதுமே ஒரு துண்டு ஈரல். முடிவுவரை காத்திருக்க வேண்டாம்.

ஆனால் உண்மையான திருத்தம் அதற்கு முன்பே நடக்க வேண்டும். முதல் மூன்று வாரம் பன்றி நடமாட்டம் இல்லாத இடத்தில் மட்டும் பழக்குங்கள். நான்காவது வாரம், முந்தைய இரவு பன்றி கிளறிய காட்டின் ஓரமாக மாட்டுத் தடத்தைப் போடுங்கள். பன்றித் தடம் ஆறி 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், மாட்டுத் தடம் 20 நிமிடம்தான் ஆகியிருக்க வேண்டும். சூடானது மாடு, ஆறியது பன்றி. நாய் தாண்டிவிடும். பிறகு வாரத்துக்கு வாரம் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அதே நாயை ராத்திரியில் பன்றிக் காவலுக்கு விடுவதை இந்தக் காலத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. பிறகு நாயைக் குறை சொல்கிறார்கள்.

அறிகுறி: எந்த மாடு கிடைத்தாலும் போதும் என்று நிற்கிறது, அல்லது காட்டுமாட்டிடம் கொண்டுபோகிறது

"மாடு" என்ற வகையைக் கற்றுக்கொண்டதே தவிர, துணியில் இருக்கும் அந்த ஒரு மாட்டைத் தேட நாய் கற்கவில்லை என்று அர்த்தம். எப்போதும் ஒரே மாட்டை வைத்துப் பழக்கியதால் வருவது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் காட்டுமாடு தேயிலைக் காட்டிலும் தெருவிலும் நடக்கிறது. அதனால் இந்தக் கோளாறு உயிருக்கே ஆபத்து.

நான்கு மாடுகளையாவது மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இரண்டு மாட்டை ஒன்றாக 50 மீட்டர் நடத்தி, பிறகு ஒய் வடிவில் பிரியுங்கள். எந்த மாட்டின் துணியை மோக்கவிட்டீர்களோ அதன் முடிவில் மட்டும் ஈரல் கிடைக்க வேண்டும். தவறான கிளையில் போனால் திட்டு இல்லை, ஈரலும் இல்லை, திரும்பி வந்து மறுபடி. மறுநாள் மற்ற மாட்டின் துணி. அடுத்தடுத்து வரும் 10 தடத்தில் 8 சரியாகும்வரை நிஜத் தேடலுக்குப் போகாதீர்கள்.

காட்டுமாட்டைப் பொறுத்தவரை நாயை மட்டும் நம்ப வேண்டாம், தரையைப் பாருங்கள். சேற்றில் பதிந்த குளம்பு உங்கள் மாட்டினுடையதைவிடக் கண்ணில் படும்படி பெரிதாக, ஆழமாக இருந்தால் நாயைத் திருப்புங்கள். வீட்டு முற்றத்தில் உங்கள் மாட்டின் குளம்பை ஒரு குச்சியில் அளந்து வெட்டி வைத்துக்கொண்டால், மூடுபனியிலும் சந்தேகம் வராது.

அறிகுறி: பட்டியைச் சுற்றியே வருகிறது, அல்லது தடத்தில் பின்னோக்கிப் போகிறது

கொட்டகை வாசலில் அந்த மாட்டின் வாசனை குளம்போலத் தேங்கிக் கிடக்கிறது. அதன் நடுவில் நாயை நிறுத்திவிட்டு "எங்கே" என்றால் அது எங்கே போகும்? துணியைக் காட்டியபின் பட்டியிலிருந்து 80 முதல் 100 மீட்டர் தள்ளி ஒரு வளையமாகச் சுற்றி வாருங்கள். வெளியே போகும் தடத்தை வெட்டும் இடத்தில் நாய் தானே திரும்பும். திரும்பியதும் 5 மீட்டர் கயிறு விட்டு, நகராமல் நில்லுங்கள். நாய் இரண்டு பக்கமும் மோந்து திசையை எடுக்கட்டும். நீங்கள் ஒரு பக்கம் நடக்கத் தொடங்கினால் அது உங்கள் திசையைத்தான் எடுக்கும். பின்னோக்கிப் போகும் நாய்களில் பாதிக்குமேல் அப்படி நடத்தப்பட்டவைதான் என்பது எங்கள் கணிப்பு.

அறிகுறி: தலையைத் தூக்கி, கண்ணால் தேடுகிறது

சிப்பிப்பாறை, கன்னி இன நாய் என்றால் இதைக் குறையாக எண்ணாதீர்கள். அவை கண்ணால் கண்டு ஓடப் பிறந்தவை. முடிவில் நிற்கும் மாடு கண்ணில் படாதபடி தடத்தை மேட்டுக்குப் பின்னால் முடியுங்கள். இடுப்புயரத் தேயிலைக்குள் பழக்கினால் தலை தானாகக் கீழே போகும். இரண்டு மாதத்தில் மாறாவிட்டால் அந்த நாயை விட்டுவிட்டுக் கோம்பையை எடுங்கள்.

அறிகுறி: தடத்துக்கு இணையாக, மேட்டிலோ பள்ளத்திலோ ஓடுகிறது

இது கோளாறே அல்ல, காற்று. வெயில் ஏறியதும் மலைச்சரிவில் காற்று மேல்நோக்கி எழும், வாசனையும் தடத்துக்கு மேலே படியும். சாயங்காலம் குளிர்ந்த காற்று கீழே வழியும், வாசனை பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் போய்த் தேங்கும். மதியம் நாய் தடத்துக்கு 15 மீட்டர் மேலே ஓடினால் அதை இழுத்துத் தடத்தில் வைக்காதீர்கள். அது சரியாகத்தான் போகிறது.

நேரத்தைச் சரியாக எடுத்தால் பாதிச் சிக்கல் வராது. விடியலும் லேசான மூடுபனியும் சிறந்தவை. ஊட்டி, அவலாஞ்சிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் புல் வெள்ளையாக இருக்கும்வரை வாசனை எழாது. பனி உருகி ஈரமாகும்போது தொடங்குங்கள். கனமழை தடத்தைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. தார் ரோட்டில் தடம் அறுந்தால் ரோட்டின் மேல் நேரத்தை வீணாக்காமல் இரண்டு ஓரப் புல்லையும் 30 மீட்டர் தூரம் பாருங்கள். ஓடையில் அறுந்தால் இரண்டு கரையிலும் மேலும் கீழும் 50 மீட்டர். கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பிலும் அன்று மருந்தடித்த தேயிலையிலும் நாய் திணறினால், தோப்பைச் சுற்றிப்போய் மறுபக்கம் தடத்தை எடுக்கவிடுங்கள். மருந்தடித்த காட்டுக்குள் மூக்கைக் கீழே வைத்து நாயை நடத்துவது உடம்புக்கும் கேடு.

அறிகுறி: நேற்றுவரை சரி, இன்று மூக்கே இல்லாததுபோல் நடக்கிறது

பயிற்சியை நிறுத்திவிட்டு உடம்பைப் பாருங்கள். முதலில் 30 மீட்டர், 10 நிமிடத் தடம் ஒன்று போடுங்கள். அதிலும் தடுமாறினால் கோளாறு உடம்பில்தான்.

சோலை ஓடையில் தண்ணீர் குடிக்கும் நாய்க்கு மூக்கினுள் நீரட்டை ஏறும். புல்லில் காலைப் பிடிக்கும் அட்டை வேறு, இது வேறு. நூல்போல நுழைந்து, உள்ளே தங்கி ரத்தம் குடித்துப் பருக்கும். அடிக்கடி தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம், மூக்கைத் தரையில் தேய்ப்பது என்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, பிறகு நிழலில் குளிர்ந்த நீர்க் கிண்ணத்தை மூக்கருகே பிடித்து டார்ச் அடித்துப் பார்த்தால், பளபளப்பான கரும்பழுப்பு நுனி ஒன்று நீரை நோக்கி நீண்டு வெளியே வந்து, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலுக்கு வழுக்கும். கால்நடை மருத்துவர் இடுக்கியால் எடுப்பதே சரி. உப்போ புகையிலைச் சாறோ மூக்கில் ஊற்றாதீர்கள். பயிற்சிக்குப் போகும் முன் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது இதற்காகத்தான்.

மூக்கில் ரத்தத்தோடு காய்ச்சல், வெளிறிய ஈறு, சோர்வு இருந்தால் உண்ணியால் வரும் எர்லிக்கியா நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை அவசியம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். அந்த மருந்து சில நாய்களின் மோப்பத்தை மந்தமாக்குகிறது. மருந்து முடிந்து குறைந்தது 10 நாள் கழித்துத் தேடலுக்கு எடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் மருந்தைப் பாதியில் நிறுத்தவும் கூடாது.

நாக்கு தொங்க இரைக்கும் நாயால் மோக்க முடியாது, வாயால் மூச்சு விடுகிறதே. 20 நிமிட வேலைக்கு 10 நிமிட ஓய்வு, நிழலும் நீரும். சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தொட்டால் அன்றைய வேலை முடிந்தது, உடம்பை நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: மாட்டைக் கண்டதும் குரைக்கிறது, பாய்கிறது

பன்றியை மறித்துக் குரைத்த பழக்கம் அப்படியே வருகிறது. புதிதாகக் கன்று போட்ட மாடு நாயைக் குத்தும், அல்லது கன்றை விட்டுவிட்டு மிரண்டு பள்ளத்தில் ஓடும். ஆகவே தடம் முடியும் இடம் மாடாக இருக்கக் கூடாது. மாட்டுக்கு 20 மீட்டர் முன்னால், அதன் கழுத்துக்கயிற்றைத் தரையில் போட்டு வையுங்கள். கயிற்றருகே நாய் உட்கார்ந்தால் மூன்று துண்டு ஈரல். ஒவ்வொரு பயிற்சியிலும் இதையே செய்தால் ஆறேழு வாரத்தில் கயிறு இல்லாமலே, மாட்டின் வாசனை காற்றில் கனத்ததும் உட்காரப் பழகும். அதுவரை நிஜத் தேடலில் மாடு தெரிந்த நொடியே கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

எவ்வளவு, எப்போது கூட்டுவது

வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று தடம், அதற்குமேல் வேண்டாம். 50 மீட்டர் நீளமும் 15 நிமிடமும் ஆறிய தடத்தில் தொடங்கி, 200 மீட்டர் அரை மணி, 500 மீட்டர் ஒரு மணி, 1 கிலோமீட்டர் 4 மணி என்று ஏற்றுங்கள். நீளம், ஆறும் நேரம், வளைவு மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தடம் தவறினால் ஒரு படி கீழே இறங்கி, எளிய தடத்தில் ஜெயிக்கவிட்டு வீட்டுக்குக் கூட்டிவாருங்கள்.

தேடிப்போன மாடு அடிபட்டுக் கிடந்தால்

கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, வந்த வழியே திரும்புங்கள். அடித்த விலங்கு பக்கத்திலேயே படுத்திருக்கலாம். நாயை உடலருகே விடாதீர்கள். உடலை நகர்த்தவோ புதைக்கவோ கூடாது. அதன்மேல் பூச்சிமருந்து தெளிப்பது குற்றம், திரும்பி வரும் புலியையும் கழுகையும் கொன்றுவிடும். இடத்தைப் போனில் குறித்துக்கொண்டு வனச்சரகத்துக்குச் சொல்லுங்கள். வனத்துறையும் கால்நடை மருத்துவரும் உடலைப் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் இழப்பீட்டு மனு நகரும்.